சிறுகிழங்கு யாரு உரிச்சா? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எனக்குச் சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், கல்யாணமாகி இப்போ பெங்களூர்ல இருக்கேன். டிசம்பர் வந்தா இங்க குளிர் நல்லாவே பிடிக்குது, உடனே ஆச்சி வச்ச உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், சிறுகிழங்கு பொரியல், கருப்பட்டி போட்ட சுக்குக் காபி எல்லாம் ஞாபகத்துக்கு வந்துருது. போன மாசம் ஆன்லைன்ல ஒரு குட்டி அம்மியும் மண்சட்டியும் வாங்கி எல்லாத்தையும் செஞ்சு பாத்தேன், கிழங்கு கிடைக்காம உருளைக்கிழங்க வச்சே பொரிச்சேன், சுத்தமா அந்த ருசி வரல. விறகடுப்பு இல்லாததாலயா? இல்ல நம்ம தலைமுறைக்கு அந்தக் கைப்பக்குவமே போயிருச்சா? சளிக்கு எது நல்லதுன்னும் எழுதுங்க.

– ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள தங்கச்சி,

மொதல்ல அந்த அம்மிய ஓரமா வைங்க. மிக்ஸில அரைச்சாலும் எள்ளுத் துவையல் நல்லாத்தான் வரும், ரெண்டு ஓட்டு ஓட்டி நறநறன்னு இருக்கும்போதே நிறுத்திரணும், அவ்வளவுதான். அம்மி, விறகடுப்பு, மண்சட்டி மூணையும் வச்சு ஆச்சி சமையல்னு யூடியூப்ல போடுதாங்கல்லா, அதப் பாத்துப் பாத்து எல்லாரும் ருசி சட்டியில இருக்குன்னு நினைச்சுக்கிடுதாங்க. எங்க ஆச்சிக்கு விறகடுப்பு மேல ஒரு பாசமும் கிடையாது, கார்த்திகை அடைமழைல விறகு நனைஞ்சு போயி, ஊதி ஊதிக் கண்ணுல தண்ணி வடிய, அதத் திட்டிக்கிட்டேதான் சமைப்பாவ. வீட்டுக்கு கேஸ் வந்த அன்னைக்கு அவ்வோ மொகத்தப் பாத்திருக்கணும்.

ருசி மாசத்துல இருக்கு தங்கச்சி. நம்மூர்ல குளிர்னு சொன்னா பெங்களூர்க்காரன் சிரிப்பான், திருநெல்வேலில 20 டிகிரிக்குக் கீழ போறதே அபூர்வம். ஆனா வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கி டிசம்பர் வரைக்கும் பெஞ்சு செவுரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்கும், துணி காயாது, தார்சாவுல, அதான் வீட்டு முன்கூடத்துல, கால வச்சா சில்லுன்னு ஏறும், அந்த ஈரத்துக்கு உண்டான சாப்பாடுதான் நீங்க சொன்னது பூராவும். மழைல காய்கறி வரத்து கொறைஞ்சிரும், அப்போ வீட்டுல கைக்கு எட்டுறது என்ன, கோடைல காயவச்ச வத்தல், உளுந்து, எள்ளு, சுக்கு, கருப்பட்டி. கருப்பட்டி காச்ச பனையில பதனி இறக்குறது மாசி பங்குனில ஆரம்பிச்சு ஆடி வரைக்குந்தான், அப்போ மார்கழில நீங்க குடிச்ச காபில கரைஞ்சது கோடைல காச்சுன கருப்பட்டி, எங்க வீட்டுல அது அடுப்புக்கு மேல பரண்ல புகை பட்டு மாசக்கணக்கா இறுகிக் கெடக்கும். இப்போ கடைல வாங்குறதுல சீனிப்பாகு கலந்து வருது, கருப்பட்டிக்குப் பேர்போன ஊராச்சேன்னு உடன்குடின்னு லேபிள் ஒட்டுனதெல்லாம் உடன்குடி சரக்கும் இல்ல. உங்க காபி சொதப்புனது அங்கதான் இருக்கும், சட்டியில இல்ல.

உளுந்தஞ்சோத்துக்கு வெள்ளை உளுந்து போட்டீங்களோன்னு ஒரு சந்தேகம். தோலோட உடைச்ச கருப்பு உளுந்து, ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு, எண்ணெ விடாம வாசம் வர்ற வரைக்கும் வறுத்துக்கிடுங்க, பூண்டு தாராளமா, வெந்தயம் கொஞ்சம், தேங்காப்பூ கை நெறைய. குக்கர்லயே வைங்க, ஒண்ணும் ஆகாது. சாப்பிடும்போது நல்லெண்ணெய் விடுறதுல கஞ்சத்தனம் கூடாது.

சிறுகிழங்குக்கு வாரேன், இதுலதான் எனக்கு சொல்ல நெறைய இருக்கு. அது உருளைக்கிழங்குக்குச் சொந்தமே கிடையாது, துளசி, புதினா குடும்பத்துச் செடி, அதனால உருளைய வச்சு அந்த மணத்த ஈடுகட்டவே முடியாது. தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கமெல்லாம் வெளையுறது, மார்கழிக் கடைசில வரத்து தொடங்கி தை மாசந்தான் மலிவாக் கெடைக்கும், கிழங்கு இல்லாம நம்ம பக்கம் பொங்கல் உண்டா? மண்ணோட வரும். தண்ணில ஊறவச்சு, சாக்குல போட்டு வாயக் கட்டி, ரெண்டு பேரு ஆளுக்கொரு முனையப் புடிச்சுத் தரையில அடிச்சு உருட்டணும், தோலு பாதி சாக்குக்குள்ளயே கழண்டுரும், மிச்சத்த ஒண்ணொண்ணா சுரண்டி உடனே தண்ணில போடணும், இல்லன்னா கிழங்கு கருத்துரும். விரல் தண்டி கிழங்கு, அதுலயும் முண்டும் முடிச்சுமா இருக்கும், நகக்கண்ணெல்லாம் கறை ஏறி புளி போட்டுத் தேச்சாலும் லேசுல போகாது. அதுக்கப்புறம் அவிச்சு, தேங்காயும் சீரகமும் மிளகா வத்தலும் அரைச்சுப் போட்டுப் பெரட்டுறதெல்லாம் ஒரு வேலையே இல்ல.

வரிசையா வீடுக இருக்குற எங்க வளவுல ஆச்சி இத ஒத்தையில செஞ்சு நான் பாத்ததே கிடையாது. பெரியம்மை, மைனி, எதுத்த வீட்டு அத்தை, லீவுக்கு வந்த பொம்பளப் புள்ளைக எல்லாம் சுத்தி உக்காந்துருவாவ, தெருவுல யாரு யார்கூடப் பேசல, எதுக்குப் பேசல எல்லாம் அந்த ஒரு சாக்கு கிழங்கு முடியுறதுக்குள்ள பைசல் ஆயிரும். ஆம்பளைங்க நாங்க பொரியல் எறக்குற நேரத்துக்கு கரெக்டா இலைக்கு வந்துருவோம். திருவாதிரைக்கும் இதே கதைதான், நடராசர் ஆடுன ஐஞ்சு சபைல தாமிர சபையும் சித்திர சபையும் நம்ம பக்கந்தான் இருக்கு, அன்னைக்கு ஊரே நெல்லையப்பர் கோயிலுக்கும் குத்தாலத்துக்கும் விடியுமுன்ன தரிசனத்துக்குப் போகும், வீட்டுல களியும் ஏழுகறிக் குழம்பும் வைக்கணும், அத்தனை காயையும் யாரு நறுக்குவா? ஆச்சி கைப்பக்குவம்னு நாம ஒரு ஆளு பேருல எழுதுறதுல அஞ்சாறு பொம்பளைக ஒழைப்பு இருக்கு. அத நீங்க ஆபீஸ் முடிச்சு வந்து தனியா நின்னு செஞ்சுட்டு, கைப்பக்குவம் போச்சேன்னு வருத்தப்படுதீங்க. அதெல்லாம் ஒண்ணும் போகல, ஆளு பத்தல.

சளிக்கு மருந்துன்னு நான் எதையும் சொல்லமாட்டேன். சுக்குக் காபி தொண்டையில சூடா எறங்கும்போது சொகமா இருக்கும், அந்த அளவுதான், காய்ச்சல் இருந்தா டாக்டர்ட்ட போங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வாரீங்கன்னா திரும்பும்போது கழுவாத கிழங்கா பாத்து ரெண்டு கிலோ கட்டிக்கிடுங்க, கழுவுனது சீக்கிரம் அழுகிரும். பெங்களூர்ல சாக்குக்கு எங்க போவேன்னு கேக்காதீங்க, பழைய ஜீன்ஸ் பேன்ட்ல ஒரு கால வெட்டி ரெண்டு பக்கமும் கட்டுனா போதும். ஒரு முனைய நீங்க புடிங்க, இன்னொரு முனைய மாப்பிள்ளை கையில குடுங்க.