தட்டில் வைப்பது நம் வேலை: சாப்பிட மறுக்கும் குழந்தைகள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எது கொடுத்தாலும் சாப்பிட்ட என் மகள், இரண்டு வயதானதும் புதிதாக எதையும் தொட மாட்டேன் என்கிறாள். என் வளர்ப்பில் தப்பா?

பதில்: இல்லை. புது உணவைக் கண்டு மிரள்வது 2 முதல் 6 வயதுக்குள்தான் அதிகம். நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை போட்ட பூட்டு இது என்பது ஒரு விளக்கம். இரட்டைக் குழந்தைகளை வைத்து 2007-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், இந்த மிரட்சி ஒரு குழந்தைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் பரம்பரைதான் காரணம் என்று தெரிந்தது. சின்ன வயதில் வீட்டில் வேறு யார் இப்படி இருந்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள், ஒரு பெயராவது வரும்!

கேள்வி: மூன்று தடவை கேரட் கொடுத்தேன், துப்பிவிட்டான். பிடிக்கவில்லை என்று விட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல குழந்தைகளுக்கு 8 முதல் 15 தடவை வரை தேவைப்படுகிறது. பெரும்பாலான பெற்றோர் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடுகிறார்கள். பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை, அவனுக்குப் பழகிய உணவின் பக்கத்தில் வையுங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் ருசி பழகாது, நாக்கில் படவேண்டும். துப்பினாலும் அது கணக்கில் சேரும். அதனால் துப்புவதற்கு ஒரு காகிதத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தை துணிந்து வாயில் வைக்கும். அப்புறம், அதே கேரட்டை நீங்களும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். உங்கள் தட்டில் இல்லாததை அவன் ஏன் நம்பவேண்டும்?

கேள்வி: “காய் சாப்பிட்டால் சாக்லேட்” என்று சொல்லலாமா?

பதில்: இன்றைக்குக் காய் உள்ளே போகும். ஆனால் காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று, சாக்லேட்தான் உசத்தி என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல் ஆகிவிடும். ருசி பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: போனில் வீடியோ காட்டினால் தட்டு காலியாகிறது. மாமியாரும் அப்படித்தான் ஊட்டுகிறார். நிறுத்தவேண்டுமா?

பதில்: தட்டு காலியாவதும் குழந்தை சாப்பிடக் கற்பதும் வேறு வேறு. கண் திரையில் இருந்தால் என்ன தின்றோம், வயிறு நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதற்கு ஒரு பாகப்பிரிவினை சொன்னார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நான் பார்த்தவரை இரண்டாவது பாதியை விட்டுக்கொடுப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். மாமியாரோடு சண்டை வேண்டாம். ஒரு வேளை மட்டும் போன் இல்லாமல் தொடங்குங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது. முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறான்.

பதில்: முதல் வருடத்தில் பிறந்த எடை சுமார் மூன்று மடங்காகும். இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். பால் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையலாம்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

பதில்: எடை குறைந்தால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தால், உடனே போங்கள். போகும்போது, கடந்த ஒரு வாரத்தில் என்னென்ன உள்ளே போனது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள், பாலையும் பிஸ்கட்டையும் சேர்த்து.