உங்கள் குடும்பத்தில் யாராவது தன் பூர்வீகத்தை மறைத்தே வாழ்ந்ததுண்டா? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

உண்டு. என் அப்பாவின் அப்பா. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாங்களாகக் கிளம்பவில்லை. வி.ஏ.ஓ. கேட்ட ஒரு சாதாரணக் கேள்வியில் மாட்டிக்கொண்டோம்.

2021 இல் தாத்தா இறந்தார். வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தபோது வி.ஏ.ஓ., "அவங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல்நிலை வாரிசு, அதனால் எல்லோரிடமும் கேட்பதுதான். இல்லை என்றார் அப்பா. "சரி, பேரு சொல்லுங்க." அப்பா பாட்டியைப் பார்த்தார், பாட்டி தரையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய பாட்டிக்கு மாமியார் பெயர் தெரியாது.

தாத்தா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால் "துறையூர் பக்கம்" என்பார். அந்தப் 'பக்கம்' கடைசி வரை ஒரு ஊராக ஆகவே இல்லை. கல்யாணத்துக்கும் அவர் பக்கத்தில் ஆள் கிடையாது, சாவுக்கும் கிடையாது. அனாதை என்று பாட்டி வீட்டில் நம்பினார்கள், விட்டுவிட்டார்கள்.

இப்போது யோசித்தால், அவர் வாயைத் திறந்த போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ரயிலைக் கோச்சி என்பார். அறையைக் காம்பரா என்பார். தட்டில் சோறு குறைவாக விழுந்தால் "என்ன, இன்னைக்கு அரைப்பேர்தானா?" என்று பாட்டியைக் கிண்டல் செய்வார். அது அவர் வைத்த விளையாட்டுச் சொல் என்றே நினைத்திருந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் கணக்கில் அரைப்பேர்தான் விழும், சம்பளமும் பாதிதான். இது எனக்குத் தெரிய வந்தது பெட்டியைத் திறந்த பிறகு.

அவருடைய தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் மடித்த ஒரு அட்டை இருந்தது. தாயகம் திரும்புவோருக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. ஆண்டு 1974.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1948 இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில், அதாவது தோட்ட வேலைக்காக இங்கிருந்து போனவர்களின் வம்சத்தில், மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை என்று விகிதம் வேறு. ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அட்டைக்கு வருகிறேன். குடும்பத் தலைவர் பெயர் நாங்கள் இன்றைக்கும் போடும் இனிஷியலோடு பொருந்தியது. சொந்த ஊர் என்ற இடத்தில் துறையூர் அருகே ஒரு கிராமம். ஆக, கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார், வேலை முடிந்தது என்று அப்பா நினைத்தார். எனக்கு வயதுக் கட்டம் உறுத்தியது. மனைவி 29, மகன் 16 (இதுதான் தாத்தா), மகள் 9, இன்னொரு மகன் 6. பதின்மூன்று வயதில் பிள்ளையா? ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். பின்னால் அது சப்பென்று போனது: அந்த அம்மா இரண்டாம் தாரம், அவ்வளவுதான். ஆவணத்தில் ஒரு எண் இடித்தால் உடனே கதை கட்டாதீர்கள்.

அட்டையில் மறுவாழ்வுத் திட்டம் எது என்றும் எழுதியிருந்தது: தேயிலைத் திட்டம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் தொடங்கியது, பிறகு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. அப்படியென்றால் தாத்தாவின் 'குடும்பம்' எங்கேயும் தொலையவில்லை. கோவையிலிருந்து ஒரு பகல் பஸ் பயணத் தூரத்தில், மலை மேல் இருந்திருக்கிறது. அவர்தான் போகவில்லை.

நீலகிரியில் பந்தலூர் பக்கம் நாலைந்து தோட்ட டிவிஷன்களில் விசாரித்து, அந்த ஒன்பது வயது மகளைக் கண்டுபிடித்தேன். இப்போது பேரன் பேத்தி எடுத்த பாட்டி. நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார். மண்டபம் முகாமில் நின்ற வரிசை, தலைமன்னாரில் கப்பல் ஏறிய ராத்திரி எல்லாம் சொன்னார். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஒங்க தாத்தா தங்கமான மனுசன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "நம்ம குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளிதானே பாட்டி?" என்றேன்.

ஏன் கேட்டேன் என்றால், வருடத்துக்கு ஒருமுறை தாத்தா யாரையும் கூட்டிக்கொள்ளாமல் பெரம்பலூர் பஸ் ஏறுவார். எப்போதும் ஒரு ஞாயிறு ராத்திரி கிளம்பித் திங்கள் ராத்திரி திரும்புவார். சிறுவாச்சூர் கோயில் சாதாரண நாட்களில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறந்திருக்கும். வரும்போது தூக்குவாளியில் மாவிளக்கு மாவு இருக்கும், வெல்லமும் நெய்யும் கலந்து கொஞ்சம் புகை வாசனையோடு. அந்த மாவுக்காகவே நாங்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்போம்.

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நமக்குக் கொல்லிமலை அடிவாரத்துலல்ல சாமி" என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நம் ஊரில் இதைவிட உறுதியான சான்று கிடையாது. ஊர் மாறும், பெயர் மாறும், இனிஷியல் மாறும். பங்காளிகளுக்குக் குலதெய்வம் இரண்டாக இருக்காது. அண்ணனுக்கு ஒரு சாமி, தங்கைக்குப் பிறந்த வீட்டில் வேறு சாமி என்றால் அவர்கள் ஒரு அப்பனுக்குப் பிறந்தவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அட்டையில் இருக்கிற பதினாறு வயதுப் பையன் வேறொருவன். பாட்டியின் சொந்த அண்ணன், முதல் தாரத்து மகன். விண்ணப்பித்துப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். 1973-74 தோட்டங்களில் பஞ்சக் காலம். அரிசி, மாவு ரேஷனை வெட்டிவிட்டார்கள், லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சாவு விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த காம்பராவில் அதே வயதில் ஒரு பையன். அவன் அப்பாவும் அந்த வருடம்தான் செத்துப்போயிருந்தார். அவர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு இந்தியா கிடையாது. பையனின் அம்மா ஒரு ராத்திரி வந்து, "ஒங்க மகன் பேருல என் மகனக் கூட்டிப் போங்க, அங்கயாவது சோறு திம்பான்" என்று கேட்டிருக்கிறார். கைக்குழந்தையாக ஒரு தங்கை இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

"கோச்சியில ஏறுனதும் எங்கப்பா சொன்னாரு, இனிமே ஒனக்கு இதான் பேரு, பழைய பேரு வாயில வந்தா எல்லாரையும் ஜெயில்ல போட்ருவான்னு. அதுக்கப்புறம் அவரு பழைய பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

தாத்தா ஏன் மலைக்குப் போகவில்லை, ஏன் ஊர் பெயரைச் சொல்லவில்லை என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பயம். யாருக்குத் துரோகம் செய்தோம் என்று இல்லை, யார் மாட்டிக்கொள்வார்கள் என்ற பயம். பத்தொன்பது வயதில் மில் வேலைக்கு இறங்கியவர், அந்தக் குடும்பத்துக்குத் தன்னால் ஆபத்து வரக்கூடாது என்று பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தாத்தாவின் உண்மையான பெயரையும் அவர் அம்மாவின் பெயரையும் பாட்டி சொன்னார். இங்கே எழுதவில்லை. இலங்கையில் தேடினேன். பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம், பிறந்த தேதி தோராயமாகவாவது வேண்டும். தலவாக்கலைப் பக்கம் அந்தத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் உதவினார். 1977 கலவரத்துக்குப் பிறகு அம்மாவும் மகளும் வவுனியாப் பக்கம் போனதாக ஒரு பெரியவர் சொன்னார். அந்தத் தங்கைக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இன்னும் கிடைக்கவில்லை. பெரம்பலூர்ப் பக்கமும் ஒன்றும் தேறவில்லை. மதுரகாளியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் ஊர் ஊராக, சாதி சாதியாக இருக்கிறார்கள். அதை வைத்து ஒரு கிராமத்தைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

இதே மாதிரி தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாயகம் திரும்பிய குடும்பம் என்று சந்தேகம் வந்தால் முதலில் குடும்ப அட்டையைத் தேடுங்கள், கடன், வேலை, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம் என்பதால் யாரும் லேசில் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அட்டையில் இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் தவறிச் சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள்.

இனிஷியலை மாற்றுவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

போன ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனோம். தாத்தா கப்பலில் வந்து இறங்கிய ஊர். அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் தர்ப்பையைக் கொடுத்து, "அப்பா பேர் சொல்லுங்கோ" என்றார். அப்பா பந்தலூர்ப் பாட்டி சொன்ன பெயரைச் சொன்னார். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறார், கொஞ்சம் தடுமாறியது. எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்து ஐயர் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தபோது, அப்பா நிறுத்தி அட்டையில் இருந்த பெயரையும் சொன்னார்.

"இது யாரு, உங்களுக்கு என்ன உறவு?" என்றார் ஐயர்.

"பதினாறு வயசுல செத்துட்டான் சாமி. இதுவரைக்கும் யாரும் அவனுக்கு விட்டதில்ல" என்றார் அப்பா.