1.60 கோடி வேலை, கையில் 9 லட்சம்

கேள்வி: கோவையில் பல வருடமாக எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வீடுகள், கடைகள், சின்ன அபார்ட்மென்ட் என்று போகும். ஒரு வேலை 15 லட்சத்தைத் தாண்டியதில்லை. போன வருட டர்ன்ஓவர் 70 லட்சம். இப்போது திருப்பூர் பக்கம் எழும்புகிற ஒரு தனியார் மருத்துவமனையின் மொத்த எலக்ட்ரிக்கல் வேலையையும் மெயின் கான்ட்ராக்டர் எனக்குத் தரத் தயாராக இருக்கிறார். மெட்டீரியலோடு சேர்த்து 1 கோடியே 60 லட்சம், ஜி.எஸ்.டி. தனி, 10 மாத வேலை. மாதம் ஒரு பில், சர்ட்டிஃபை ஆகி 45 நாளில் பணம், 5 சதவீதம் ரிடென்ஷன் (வேலையில் குறை வந்தால் என்று பில்லில் பிடித்துவைக்கும் பணம்), அட்வான்ஸ் கிடையாது. என் கையில் 9 லட்சம் இருக்கிறது. மச்சான் 2 வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லை, வீட்டுப் பத்திரத்தையோ மனைவி நகையையோ வைக்கலாமா? இதை விட்டால் இப்படி ஒன்று வராது என்று மனசு அடித்துக்கொள்கிறது.
- வாசகர், கோவை

பதில்: யாரிடம் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு வேண்டும் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதை முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

உங்கள் வேலையில் மெட்டீரியல் 65 சதவீதம், கூலியும் இதர செலவும் 25, லாபம் 10 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் சராசரியாக 16 லட்சத்துக்கு வேலை. அதற்கு மெட்டீரியல் 10.40 லட்சம். கடைக்காரருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் 12.27 லட்சம். கூலி, இதரம் 4 லட்சம். ஆக மாதம் 16.27 லட்சம் உங்கள் பையிலிருந்து போகும்.

ஏப்ரலில் வேலை தொடங்குகிறது என்றால் அந்த மாத பில்லை மே 5 வாக்கில் கொடுப்பீர்கள். சைட் இன்ஜினீயர் மெஷர்மென்ட் பார்த்து, பில்லிங் இன்ஜினீயர் கணக்கைத் தட்டிப் பார்த்து, சர்ட்டிஃபை ஆக மூன்று வாரம். அப்புறம் 45 நாள். முதல் பணம் வருவது ஜூலை இரண்டாவது வாரம். அதற்குள் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதச் செலவையும் நீங்கள் செய்து முடித்திருப்பீர்கள்: 49 லட்சம். எல்லாரும் சொன்ன தேதியில் சொன்னதைச் செய்தால்தான் இந்தக் கணக்கே.

ஜி.எஸ்.டி. முதல் பில்லுக்குக் கடிக்காது. சாமான் வாங்கும்போது கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, கழித்துக்கொண்டாலே போதும். பிறகு மாதம் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் பணமாகக் கட்ட வேண்டிவரும், அதுவும் உங்களுக்குப் பணம் வருமுன்பே. ஜி.எஸ்.டி. கட்டும் 20ஆம் தேதி யாருக்கும் காத்திருக்காது. வருகிற பில்லிலும் ரிடென்ஷன் 80,000, டி.டி.எஸ். 1 சதவீதம் போக மீதிதான் கைக்கு வரும்.

இன்னொன்று, எலக்ட்ரிக்கல் வேலையில் செலவு மாதா மாதம் ஒரே சீராகப் போகாது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஸ்லாபில் பைப் போடும் மாதங்களில் கூலிதான் பெரிசு. வயர் இழுக்க ஆரம்பித்து, கேபிளும் பேனலும் வந்து இறங்குகிற மாதங்களில் பணம் தண்ணியாய்ப் போகும். பேனல் செய்பவர் அட்வான்ஸ் இல்லாமல் வேலையைத் தொடங்கவே மாட்டார். அதனால் உச்சத்தில் 49 லட்சம் 60 லட்சத்தைத் தாண்டவும் கூடும்.

இப்போது மச்சானிடம் வருவோம். உங்கள் 9 லட்சம் போக 40 லட்சம் அவரிடம் வாங்குகிறீர்கள் என்றால், 2 வட்டிக்கு மாதம் 80,000. வேலை பத்து மாதம், கடைசி பில்கள் வர இன்னும் இரண்டு மாதம். 12 மாதத்துக்கு 9.60 லட்சம். இந்த வேலையில் மொத்த லாபமே 16 லட்சம்தான். மீதி 6.40 லட்சம். ஆனால் 8 லட்சம் ரிடென்ஷனில் உட்கார்ந்திருக்கும். அதாவது கட்டடத்தில் விளக்கு எரிகிற அன்று உங்கள் கையில் லாபம் என்று ஒரு ரூபாய்கூட இருக்காது. ஒன்றரை லட்சம் குறையும். பில் ஒரு மாதம் தள்ளிப்போனால் பண்டிகைக்கு மாமனார் வீட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாது. வேண்டாம்.

வீட்டுப் பத்திரமும் வேண்டாம். 10 மாத வேலைக்காகப் பத்து பதினைந்து வருடக் கடனில் போய் உட்கார வேண்டியதில்லை. நகையை மட்டும், ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் விழுகிற இரண்டு மூன்று வாரப் பள்ளத்துக்கு, வங்கியில் வைக்கலாம். அதுவும் உங்கள் மனைவிக்குக் கணக்கைக் காட்டிவிட்டு.

கடன் தேடுவதற்கு முன்னால் அந்த 49 லட்சத்தைச் சுருக்கப் பாருங்கள். வொர்க் ஆர்டரில் கையெழுத்துப் போடும்வரைதான் இதற்கு நேரம்.

என் யோசனையில் முதலாவது, கேபிள், பேனல், லைட் ஃபிட்டிங்ஸ் மூன்றையும் மெயின் கான்ட்ராக்டரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். 1.04 கோடி மெட்டீரியலில் 55 லட்சம் இப்படி வெளியே போனால், உங்கள் மாதச் செலவு 9.80 லட்சமாக இறங்கும். மூன்று மாதத்துக்கு 29 லட்சம். வயருக்கும் பைப்புக்கும் டீலரிடம் 30 நாள் கடன் கிடைத்தால் 23 லட்சம். வெளியே போன சாமானில் உங்களுக்கு வரவேண்டிய மூன்று நான்கு லட்சம் லாபம் போகும்தான், போகட்டும். கூடவே தாமிர விலை ஏறினால் தலையில் விழும் இடியும் போகிறது. 10 மாதத்துக்கு ஒரே ரேட் கொடுத்துவிட்டு, நடுவில் கேபிள் விலை ஏறி மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டீலருக்குப் பணத்தை நேரடியாக அவர் கொடுத்து உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளட்டும். பெரிய கம்பெனி பெயரில் கடிதம் இருந்தால் டீலரும் கூடுதல் நாள் கடன் தருவார். அதற்கும் மாட்டேன் என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு பில் கேளுங்கள். வேலை தொடங்க முன்பணம் (மொபிலைசேஷன் அட்வான்ஸ்) கேட்டால் பேங்க் கியாரண்டி கொண்டுவா என்பார்கள். அதற்கு வங்கி மார்ஜின் என்று உங்கள் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும், அதனால் அதில் ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள்.

ஆர்டரில் 'கிளையன்ட் பணம் கொடுத்த பிறகே' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். முழுசாக எடுக்க மாட்டார்கள். 'அல்லது சர்ட்டிஃபை ஆன 60 நாள், எது முந்தியோ' என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டினால் வேலையை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றும் ஒரு வரி வேண்டும். இரண்டுக்குமே முடியாது என்றால், என்னைக் கேட்டால் நான் இந்த வேலையைத் தொடமாட்டேன்.

மீதி 20, 25 லட்சத்துக்கு வங்கிக்குப் போங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள், அது இலவசம். உங்கள் அளவுக்கு நீங்கள் குறுந்தொழில். 5 கோடி வரை வொர்க்கிங் கேப்பிட்டல் (தொழிலை ஓட்டும் பணம்) கேட்கும் சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் வருட டர்ன்ஓவரில் 20 சதவீதத்தை வங்கி தரலாம் என்று நாயக் கமிட்டி சொன்ன வழி ஒன்று உண்டு. 5 சதவீதம் உங்கள் கைப்பணம். பெரிய சாமானை வெளியே தள்ளிய பிறகும், மற்ற சின்ன வேலைகளோடு சேர்த்து 1.40 கோடி என்று காட்டினால் 28 லட்சம் கேட்க இடமிருக்கிறது. 70 லட்சம் எப்படி இரட்டிப்பாகும் என்று மேனேஜர் கேட்பார். வொர்க் ஆர்டர்தான் பதில். சொத்து அடமானம் கேட்டால், அடமானம் இல்லாத சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தின் உத்தரவாதத்தில் போடச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து அதன் வரம்பு 10 கோடி. அதற்கு வருடக் கட்டணம் உண்டு, இருந்தாலும் மச்சான் வட்டிக்குப் பக்கத்தில்கூட வராது. மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், கணக்கு ஸ்டேட்மென்ட் தயாராக இருக்கட்டும். லிமிட் கைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம். சாங்ஷன் கடிதம் இல்லாமல் சைட்டில் ஆள் இறக்காதீர்கள்.

மெயின் கான்ட்ராக்டர் பெரிய கம்பெனியா? 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தால், சிறு தொழில்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்க வழிசெய்யும் டிரெட்ஸ் (TReDS) தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது இப்போது விதி. உங்கள் பில்லை அவர் அதில் ஏற்றுக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டு, வட்டி கழித்துப் பணம் தந்துவிடும். பிறகு அவர் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்ப வரமாட்டார்கள். பதிவு செய்திருந்தாலும் உங்கள் பில்லை ஏற்றுவாரா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

'சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், சட்டமே இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். 2006 சட்டம் இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்றும் இருக்கிறது. ஆனால் சாமானும் கூலியும் கலந்த வொர்க்ஸ் கான்ட்ராக்ட் அதற்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் 180 நாளில் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லில் மெயின் கான்ட்ராக்டர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். அவருடைய அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு இதை ஞாபகப்படுத்தினால் சில சமயம் வேலை நடக்கும்.

ஆளைப் பற்றியும் விசாரியுங்கள். அவரிடம் முன்பு செய்த பிளம்பிங், பெயின்டிங் சப் கான்ட்ராக்டர் இரண்டு பேரைப் பிடித்து, கடைசி பில் எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அவர் எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா என்று யாரும் பார்க்கலாம்.

வேலை தொடங்கிய பிறகு ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செய்து முடித்து, பணம் வராமல் நிற்பது 30 லட்சத்தைத் தொட்டால் ஆளைக் குறைப்பது. சண்டை வேண்டாம், பத்து பேர் போன இடத்துக்கு நாலு பேர் போனாலே போன் வரும். சைட்டில் 'இந்த வார்டுக்கு இன்னும் ஆறு பாயின்ட் போட்டுடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இன்ஜினீயர் சொன்னால், அன்று சாயங்காலமே அவருக்கு வாட்ஸ்அப்பில் அதை எழுதி அனுப்பி ஓ.கே. வாங்கிவிடுங்கள். மெஷர்மென்ட் எடுக்கும்போது உங்கள் ஆள் கூட நிற்க வேண்டும், தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஸ்லாபுக்குள் போன பைப்பைக் கான்கிரீட் போட்ட பிறகு யாரும் அளக்க முடியாது.

ரிடென்ஷனில் பாதியை ஹேண்ட்ஓவர் அன்றும் மீதியை டி.எல்.பி. (குறை வந்தால் நீங்களே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்ததும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கப் பாருங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்கே கடிதம் கொடுங்கள். தானாகக் கூப்பிட்டு ரிடென்ஷன் கொடுத்த கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை.