நாற்பது இடங்களுக்கு ஒரே ரெஸ்யூமே

கேள்வி: நான்கு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. மாதக் கடைசிக் கணக்கை முடிக்க 9 நாள் ஆன இடத்தில், 5 நாளில் முடித்துக் காட்டியவன் நான். ஆனால் 3 மாதங்களில் 40 இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. பிரதியை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: பிரதியைப் படித்தேன். 9 நாள் 5 நாளான அந்தச் சங்கதியை நான்கு பக்கத்திலும் தேடினேன், காணோம். எனக்குச் சொல்லத் தோன்றியது வேலை கொடுப்பவருக்குச் சொல்லத் தோன்றவில்லையே!

அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? 'கணக்குகளைப் பராமரித்தேன், பில்களைச் சரிபார்த்தேன், அறிக்கைகள் தயாரித்தேன்.' அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதைத்தான் செய்வார்கள். நீங்கள் உட்கார்ந்ததால் என்ன மாறியது என்பதை எழுதுங்கள். எத்தனை பில், எவ்வளவு நேரம் மிச்சம், எந்தத் தவறு குறைந்தது என்று எண்ணோடு எழுதினால் இன்னும் நல்லது. எண் இல்லாத வேலை என்றால் எண்ணை விட்டுவிடுங்கள், கற்பனையாக ஒன்றைப் போட வேண்டாம். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் பக்கத்தில் பாதியை 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு' என்று தொடங்கும் லட்சியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நீங்கள் யார், எதில் கெட்டி என்று இரண்டு வரி எழுதுங்கள். கேட்டால் ஒழிய பிறந்த தேதி, திருமண விவரம், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும், மிஞ்சிப்போனால் இரண்டு.

அப்புறம், 40 இடங்களுக்கும் ஒரே ரெஸ்யூமேதானே போனது? 1482-ஐ ஒட்டி லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாக அடுக்கியவர், தனக்கு ஓவியமும் வரும் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். எதிரில் இருப்பவருக்கு எது தேவை என்று பார்த்து எழுதிய கடிதம் அது. நீங்களும் விளம்பரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்து, அவர்கள் முதலில் கேட்பது உங்களிடம் இருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள். அவர்கள் எழுதிய சொல்லையே நீங்களும் எழுதுங்கள். பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் ஒரு சாஃப்ட்வேர்தான் அலசுகிறது. ஆள் பார்க்கும்போதும் அந்தச் சொல்லைத் தேடித்தான் கண் ஓடும்.

அதே காரணத்தால் உங்கள் டெம்ப்ளேட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இடமும் வலமுமாக இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தைச் சில சாஃப்ட்வேர்கள் குறுக்கே சேர்த்துப் படித்துக் குழப்பிவிடும். படத்துக்குள் இருக்கும் எழுத்து கண்ணிலேயே படாமல் போகலாம். எக்செல்லுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். யார் கொடுத்த நட்சத்திரம் அது? எக்செல்லில் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். சாதாரண எழுத்துரு, இடம் வலம் என்று பிரிக்காத பக்கம், சமீபத்திய வேலை முதலில். அவர்கள் வேறு வடிவம் கேட்காவிட்டால் பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரை வைத்து அனுப்புங்கள். இப்போதைய பெயர் 'ரெஸ்யூமே புதுசு கடைசி 3'.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கும் ரெஸ்யூமேயில் உள்ள எண்ணுக்கும் கடைசி இலக்கம் வேறாக இருக்கிறது. எது சரி என்று உடனே பாருங்கள். அந்த 40 பேரில் யாராவது அழைத்தும் இருக்கலாம்.