வாரி சட்டையின் முன்னால் நின்றால் எதைப் பார்ப்பது?

கேள்வி: அலுவலக வேலையாகப் பெரு நாட்டின் லிமாவுக்குப் போகிறேன். கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், அங்குள்ள அருங்காட்சியகங்களில் வாரி மக்களின் பழைய சட்டைகளைப் பார்க்க ஆசை. படத்தில் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அவை பெரிய மனிதர்களின் உடை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பழைய துணித்துண்டு யாராவது விற்றால் வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பொருள்களை வெளியே கொண்டுபோகப் பெருவில் சட்டப்படி தடை. புதிதாக நெய்த நகல் என்றால் ரசீதும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றும் கையில் இருக்கட்டும்.

சரி, சட்டைக்கு வருவோம். வாரி மக்கள் ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை, இன்காக்களுக்கு வெகுகாலம் முன்பே, ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஆண்டவர்கள். தலைநகரம் இன்றைய அயகுச்சோ நகருக்குப் பக்கத்தில் இருந்தது. மலையில் மழை உண்டு, துணி மக்கிவிடும். நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் கடலோரப் பாலைவனக் கல்லறைகளில் தப்பியவை.

நீங்கள் தறி தெரிந்தவர், அதனால் நூலிலிருந்தே தொடங்குங்கள். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், பெரும்பாலும் பருத்தி; ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், அல்பாக்கா போன்ற விலங்குகளின் ரோமம். ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லை வரை போய், பக்கத்து நிறத்தோடு கொக்கி போட்டுத் திரும்பும். சேலையின் உடலையும் கரையையும் நெசவிலேயே பிணைக்கும் கோர்வை என்றால் உங்களுக்குப் புரியும். அதைக் கரையில் மட்டுமல்லாமல் துணி முழுக்கச் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டைக்குப் போன நூலின் நீளம் சுமார் 10 முதல் 14 கிலோமீட்டர். ரோமம் சேர்த்து, நூற்று, சாயம் போட்டு, பலர் அருகருகே உட்கார்ந்து அகலத் தறியில் நெய்ய வேண்டும். இத்தனை பேரின் உழைப்பை ஒரே உடம்பில் போட்டுக்கொள்ள யாரால் முடியும்? தகுதிக்கு முதல் சாட்சி அதுதான். வாரி மண்பாண்டங்களில் வரும் உயர்குடி உருவங்களும் இதே மாதிரிச் சட்டையும் நான்கு முனைத் தொப்பியும் அணிந்திருப்பது அடுத்த சாட்சி.

அப்புறம் நடுவில் உள்ள தையலைத் தேடுங்கள். இரண்டு துண்டுகளை நெய்து, கழுத்துக்கு இடம் விட்டு, நடுவில் சேர்த்துத் தைத்திருப்பார்கள். உடுத்தும்போது பாவு மேலிருந்து கீழாக அல்ல, குறுக்காக வரும். தையலிலிருந்து ஓரத்தை நோக்கிக் கண்ணை நகர்த்தினால் ஒரு வேடிக்கை தெரியும். நடுவில் விரிந்து தெளிவாக இருக்கும் உருவம், உதாரணமாகக் கோல் ஏந்திய சிறகுள்ள ஒருவன், ஓரத்துக்குப் போகப் போக நெருக்கிப் பிழியப்பட்டிருப்பான். கடைசியில் கண்ணும் பல்லும் வெறும் கோடாகிவிடும். முன்பே பழகியவருக்குத்தான் அது யாரென்று தெரியும். எழுத்து இல்லாத அரசில், இப்படி எல்லோருக்கும் பிடிபடாத ஓர் உருவத்தை உடுத்துவதே அதிகாரத்தின் அடையாளம் என்பது என் கருத்து.

நிறத்தையும் விட்டுவிடாதீர்கள். சிவப்பு, சப்பாத்திக் கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. நீலம் அவுரிச் சாயம், குறைவாகவே வரும். நிறங்கள் மூலைவிட்டமாக ஓர் ஒழுங்கில் மாறிக்கொண்டே வரும்போது, திடீரென்று ஓரிடத்தில் மட்டும் ஒழுங்கு உடையும். நெசவாளர் கண்ணுக்கு அது பிசகாகத் தோன்றலாம். ஆனால் பல சட்டைகளில் இப்படி இருப்பதால், வேண்டுமென்றே செய்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நெய்தவர்கள் தாழ்ந்தவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். லிமாவுக்கு வடக்கே, எல் காஸ்தியோ தெ வார்மேயில், போலந்து ஆய்வாளர் மிவோஷ் கெர்ஷ் தலைமையிலான குழு 2012இல் கொள்ளை போகாத வாரி அரச கல்லறையைத் திறந்தது. 60க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். அவர்களில் உயர்குடிப் பெண்களுக்குப் பக்கத்தில் தங்கத்தால் ஆன நெசவுக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன.

லிமாவில் லார்கோ அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். பழந்துணி இருக்கும் அறைகளில் வெளிச்சம் மங்கலாகவே வைப்பார்கள்; கண் பழக ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஃபிளாஷ் போட வேண்டாம்.