ஒரே பேக்எண்ட் ஆப்ஜெக்ட், பல க்யூஎம்எல் திரைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

க்யூஎம்எல் என்பது க்யூடி கருவித்தொகுப்பில் திரைகளை எழுதும் மொழி. அந்தத் திரைகளுக்குப் பின்னால் வேலை செய்யும் சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட்டைத்தான் இங்கே பேக்எண்ட் என்கிறோம்.

கேள்வி: சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட்டை செட்காண்டெக்ஸ்ட்ப்ராப்பர்ட்டி (ஆப்ஜெக்ட்டை ஒரு பெயரில் திரைகளுக்குத் தரும் ஃபங்ஷன்) மூலம் எல்லாத் திரைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சின்ன செயலி என்றால் அவசரமில்லை. திரைகள் பெருகப் பெருகச் சிக்கல் வரும். காண்டெக்ஸ்ட்டில் போட்ட பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்று, பிழை தேடும் கருவியான க்யூஎம்எல்லின்ட்டுக்குத் தெரியாது. அதனால் ப்ராப்பர்ட்டி பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பில்டில் பிடிபடாமல், பயனர் அந்தத் திரையைத் திறக்கும்போதுதான் வெளிப்படும். க்யூஎம்எல்லை முன்கூட்டியே சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றும் கம்பைலரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் பைண்டிங்கை (மதிப்பு மாறினால் திரையைத் தானே புதுப்பிக்கும் இணைப்பை) தொடாமல் விட்டுவிடும். டெலிகேட்டுக்குள் (பட்டியலின் ஒவ்வொரு உருப்படியையும் காட்டும் வார்ப்புருவுக்குள்) அதே பெயரில் ஒரு ப்ராப்பர்ட்டி இருந்தால் உங்கள் ஆப்ஜெக்ட் சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

மாற்றும்வரை ஒன்றைக் கவனியுங்கள்: க்யூஎம்எல் கோப்பை லோட் செய்வதற்கு முன்பே செட் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் அந்த காண்டெக்ஸ்ட்டின் பைண்டிங்குகள் அனைத்தும் மறுபடி கணக்கிடப்படும்.

கேள்வி: கிளாஸை க்யூஎம்எல்லுக்குத் தெரியப்படுத்தும் க்யூஎம்எல்_எலிமென்ட், அதை ஒரே ஆப்ஜெக்ட்டாக (சிங்கிள்டன்) பகிரும் க்யூஎம்எல்_சிங்கிள்டன் இரண்டு மேக்ரோவும் போட்டேன். மெயினில் நான் உருவாக்கிய ஆப்ஜெக்ட்டில் பயனர் பெயரை வைக்கிறேன். திரையில் காலியாக வருகிறது. ஆப்ஜெக்ட்டைத் தரும் கிரியேட் ஃபங்ஷனும் எழுதியிருக்கிறேன், அது அழைக்கப்படவே இல்லை.

பதில்: உங்களிடம் இருப்பது இரண்டு ஆப்ஜெக்ட். ஒன்று மெயினில் நீங்கள் உருவாக்கியது, மற்றது க்யூஎம்எல்லை இயக்கும் எஞ்சின் தானே உருவாக்கிக்கொண்டது. கன்ஸ்ட்ரக்டரில் திஸ் பாயின்டரை அச்சிட்டால் இரு முகவரிகள் வரும்.

சிங்கிள்டனைத் திரை முதன்முதலில் தொடும்போது, கிளாஸுக்கு டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் (ஆர்க்யுமென்ட் எதுவும் கொடுக்காமலே அழைக்கக்கூடியது) இருக்கிறதா என்றுதான் எஞ்சின் முதலில் பார்க்கும். இருந்தால் அதையே அழைக்கும். கிரியேட் இருந்தாலும் பொருட்படுத்தாது. பேரன்ட்டுக்கு (ஆப்ஜெக்ட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் மேல் ஆப்ஜெக்ட்டுக்கு) நல்பாயின்டர் என்று டீஃபால்ட் மதிப்பு கொடுத்து நாம் வழக்கமாக எழுதும் கன்ஸ்ட்ரக்டரும் டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர்தான். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவே.

மெயினில் உருவாக்கியதையே பகிர வேண்டுமென்றால், கன்ஸ்ட்ரக்டரில் கட்டாய ஆர்க்யுமென்ட் ஒன்றை வையுங்கள், அல்லது அதை பிரைவேட் ஆக்கி ஸ்டாட்டிக் ஃபங்ஷன் வழியாக உருவாக்குங்கள். ஸ்டாட்டிக் கிரியேட், ஏற்கெனவே இருக்கும் பாயின்டரைத் திருப்பித் தரட்டும். தருவதற்கு முன் செட்ஆப்ஜெக்ட்ஓனர்ஷிப்பில் சிபிபிஓனர்ஷிப் (அழிக்கும் பொறுப்பு எஞ்சினுடையது அல்ல, சி பிளஸ் பிளஸ்ஸுடையது) என்று குறித்துவிடுங்கள். ஆப்ஜெக்ட்டும் எஞ்சினும் ஒரே த்ரெட்டில் இருக்கின்றனவா என்று அங்கேயே ஓர் அசெர்ட் போடுவது நல்லது.

மெயினுக்கு அந்த ஆப்ஜெக்ட் எப்போதாவதுதான் தேவை என்றால் இதைத் தலைகீழாகச் செய்யலாம். உருவாக்கும் வேலையை எஞ்சினிடமே விட்டுவிட்டு, எஞ்சினின் சிங்கிள்டன்இன்ஸ்டன்ஸ் மூலம் கேட்டு வாங்குங்கள். மாட்யூல் பெயரும் டைப் பெயரும் கொடுத்துக் கேட்கும் வடிவம் க்யூடி 6.5 முதல் இருக்கிறது. எங்கள் பரிந்துரை இந்த வழிதான். ஓனர்ஷிப் குழப்பமே எழாது. க்யூடி 5.14-இல் வந்த க்யூஎம்எல்ரெஜிஸ்டர்சிங்கிள்டன்இன்ஸ்டன்ஸ் ஒரே வரியில் வேலையை முடிக்கும். ஆனால் ரன்டைமில் பதிவாவதால் லின்ட் கருவிக்கு டைப் தெரியாது.

இன்னொன்று: மேக்ரோ வழியில் வரும் சிங்கிள்டன் எஞ்சினுக்கு ஒன்று. ஒரே செயலியில் இரண்டு எஞ்சின் வைத்தால், எஞ்சினே உருவாக்கும் சிங்கிள்டனும் இரண்டாகும்.

கேள்வி: செயலியை மூடும்போது கிராஷ் ஆகிறது. சில சமயம் கிராஷ் இல்லாமல், நல்லின் (எந்த ஆப்ஜெக்ட்டையும் குறிக்காத வெற்று மதிப்பின்) ப்ராப்பர்ட்டியைப் படிக்க முடியவில்லை என்று டைப்எரர் வரிசையாகக் கொட்டுகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. கிரியேட் தந்த ஆப்ஜெக்ட்டை எஞ்சின் தனதாக எடுத்துக்கொள்ளும். அது மெயினின் லோக்கல் வேரியபிளாக இருந்தால் எஞ்சின் ஒரு முறை அழிக்கும், மெயின் முடியும்போது மறுமுறை அழியும். மேலே சொன்ன சிபிபிஓனர்ஷிப் வரி விடுபட்டிருக்கும், பாருங்கள்.

டைப்எரருக்குக் காரணம் அறிவிப்பு வரிசை. லோக்கல் வேரியபிள்கள் அறிவித்த வரிசைக்கு எதிர்வரிசையில் அழியும். எஞ்சினுக்குப் பிறகு பேக்எண்டை அறிவித்திருந்தால் பேக்எண்ட் முதலில் போய்விடும், திரைகள் இல்லாத ஆப்ஜெக்ட்டைத் தேடும். முதலில் அப்ளிகேஷன், அடுத்து பேக்எண்ட், கடைசியில் எஞ்சின் என்று எழுதுங்கள்.

கேள்வி: பேக்எண்டின் இன்வோக்கபிள் (க்யூஎம்எல்லிலிருந்து அழைக்கக்கூடிய) ஃபங்ஷன் ஓர் ஆர்டர் ஆப்ஜெக்ட்டைத் தருகிறது. சில நிமிடங்கள் கழித்து அது நல் ஆகிவிடுகிறது.

பதில்: பேரன்ட் இல்லாத ஆப்ஜெக்ட்டை இன்வோக்கபிள் வழியாகத் தந்தால் அது ஜாவாஸ்க்ரிப்ட்டின் சொத்தாகிவிடும், பயன்படாத ஆப்ஜெக்ட்டுகளை நீக்கும் கார்பேஜ் கலெக்டர் தன் நேரத்தில் அள்ளிக்கொண்டு போகும். பேரன்ட் கொடுங்கள். ப்ராப்பர்ட்டி வழியாகத் தரும் ஆப்ஜெக்ட்டுக்கு இந்தக் கைமாற்றம் நடக்காது.

கேள்வி: “சேமிக்கப்பட்டது” என்ற அறிவிப்பு ஒரே சேமிப்புக்கு மூன்று முறை வருகிறது.

பதில்: பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்வியூவில் மூன்று பக்கங்கள் அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் பேக்எண்டின் சிக்னலைக் கேட்கும் ஒரு கனெக்‌ஷன்ஸ் இருக்கும். கீழே மறைந்திருக்கும் பக்கம் அழிவதில்லை, அதுவும் சிக்னலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பொதுவான அறிவிப்பு என்றால் முதன்மை விண்டோவில் மட்டும் ஒரு கனெக்‌ஷன்ஸ் போதும். பக்கத்துக்கே உரியது என்றால் அந்த கனெக்‌ஷன்ஸின் எனேபிள்டை, ஸ்டாக்வியூ ஸ்டேட்டஸ் ஆக்டிவ் ஆக இருக்கிறதா என்பதோடு பைண்ட் செய்யுங்கள். அந்த ஸ்டேட்டஸைப் பக்கத்தின் ஐடி வழியாகத்தான் படிக்க வேண்டும். கனெக்‌ஷன்ஸ் ஒரு பக்கம் அல்ல என்பதால் அதற்குள் நேரடியாக எழுதினால் சரியான மதிப்பு வராது. டெலிகேட்டுக்குள் கனெக்‌ஷன்ஸ் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: பேக்எண்டில் மதிப்பு மாறுகிறது, லேபிள் மாறவில்லை.

பதில்: ப்ராப்பர்ட்டியில் மாற்றத்தை அறிவிக்கும் நோட்டிஃபை சிக்னல் இருக்கிறதா, மாற்றும் எல்லா இடங்களிலும் அதை எமிட் செய்கிறீர்களா என்று பாருங்கள். செட்டரைத் தாண்டி மெம்பர் வேரியபிளை நேரடியாக மாற்றும் வரி எங்காவது ஒளிந்திருக்கும். பைண்டிங்குக்குள் இன்வோக்கபிளை அழைத்திருந்தால் அது மறுபடி தானாக ஓடாது. எல்லாம் சரியென்றால், ஜாவாஸ்க்ரிப்ட்டில் எங்கோ லேபிளின் டெக்ஸ்ட்டுக்கு நேரடியாக மதிப்பு கொடுத்து பைண்டிங்கை முறித்திருப்பீர்கள். க்யூடி.க்யூஎம்எல்.பைண்டிங்.ரிமூவல் என்ற லாக் பிரிவில் இன்ஃபோவை இயக்கினால் முறிந்த வரி தெரியும்.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் சிங்கிள்டன் ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உள்நுழைவு நிலை, அமைப்புகள், நெட்வொர்க் இணைப்பு போலச் செயலி முழுவதற்கும் உண்மையாகவே ஒன்றாக இருப்பவற்றுக்கு மட்டும் சிங்கிள்டன் பொருந்தும். ஒரு திரைக்குள் பயன்படும் மாடலை (அந்தத் திரை காட்டும் தரவைத் தரும் ஆப்ஜெக்ட்டை), க்யூடி 5.15-இல் வந்த ரிக்வயர்ட் ப்ராப்பர்ட்டியாக வெளியிலிருந்து கொடுங்கள். கொடுக்க மறந்தால் அந்தத் திரை உருவாகவே மறுக்கும், பிழை உடனே தெரியும். சோதனையில் போலி மாடலைச் செருகுவதும் எளிது. சிங்கிள்டனை நேரடியாகப் பிடித்துத் தொங்கும் திரையில் அது பெரும்பாடு. வேர் க்யூஎம்எல் கோப்புக்கு செட்இனிஷியல்ப்ராப்பர்ட்டீஸ் மூலம் மெயினிலிருந்தே கொடுக்கலாம். அதையும் லோடுக்கு முன்பே செய்ய வேண்டும்.