பளிங்கில் ஏது கோடு?

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், மைக்கலாஞ்சலோவின் ‘பியெத்தா’ பளிங்குச் சிலையைப் புகைப்படத்தில் பார்த்து, மரியாளின் வலது கையை மட்டும் பென்சிலில் வரைந்திருக்கிறாள். இணைத்திருக்கிறேன். அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது. ஆனால் ‘பார்த்து வரைவது காப்பிதானே, சொந்தக் கற்பனை எங்கே?’ என்கிறார் என் மைத்துனர். ஓவியக் கல்லூரியில் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல்லூரியைப் பற்றி அவளிடம் கேளுங்கள். மைத்துனரை விடுங்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். ‘போட்டோ மாதிரி’ என்கிறீர்களே, படத்தை ஒழுங்காகப் பார்த்தீர்களா?

இறந்த மகன் இயேசுவின் அக்குளில் கை கொடுத்துத் தாங்கியிருக்கிறாள் தாய். விரல்களுக்கும் உடலுக்கும் நடுவே துணி. விரல் அழுந்திய இடத்தில் சதை பிதுங்கி நிற்கிறது. 1499 வாக்கில் மைக்கலாஞ்சலோ இதை முடித்தபோது அந்த மனுஷனுக்கு வயது 24 இருக்கும். உங்கள் பெண் அந்தப் பிதுக்கத்தின் விளிம்பில் கோடே போடவில்லை அம்மா, போடவே இல்லை! கீழே துணி மடிப்பில் லேசாகக் கருமை, மேலே வெறும் தாள், அதிலேயே சதை எழும்பிவிட்டது.

நானும் கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பளிங்கில் கோடு கிடையாது. வளைவு இருக்கிறது, அதன்மேல் வெளிச்சம் விழுகிறது. கோடு வரைகிறவர் போடுவது. எங்கே அழுத்த, எங்கே தேய்க்க, எங்கே தொடாமல் விட என்று கை நகரும் ஒவ்வொரு இடத்திலும் அவர்தான் முடிவெடுக்கிறார். சிலையிலேயே இல்லாத ஒன்றை எப்படி அம்மா காப்பி அடிப்பது? வெனிஸில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் தின்தொரெத்தோ, மெதிச்சி குடும்பத்துக் கல்லறைகளுக்கு மைக்கலாஞ்சலோ செதுக்கிய சிலைகளின் சின்ன நகல்கள் வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், கீழேயிருந்தும் பின்னாலிருந்தும் வரைந்து தள்ளினார். அவருக்குக் கற்பனை பஞ்சம் என்று மைத்துனர் சொல்வாரா? (விடச் சொன்னவன் நான்தான், சரி.)

ஒரே குறை, புகைப்படத்தில் வெளிச்சத்தை வேறொருவர் முடிவு செய்துவிட்டார். சிலை இருக்கும் ரோமுக்கே போனாலும், 1972-ல் ஒருவன் அதைச் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். வீட்டில் ஒரு பிள்ளையார் பொம்மையாவது இருக்குமே, விளக்கை இடம் மாற்றி மாற்றி அதை வரையச் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த முறை ஃபில்டர் போட்டு வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். கட்டைவிரல் பக்கத்தில் அவள் போட்டிருக்கும் மெல்லிய சாம்பல் பாதி காணாமல் போயிருக்கிறது. ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புங்கள்.